பாசாராவின் கணக்கு

போலந்தில் வேலை கிடைத்து என் தம்பி இமேதா போனபோது
மூன்றை விட்டுப் போனான்:
ஒரு கம்பளி மேலங்கி, ஓடாத ஜீப்,
என் இடுப்பு உயரத்துக்கு ஒரு நாய்.
மேலங்கி எனக்குப் பொருந்தியது.
ஜீப் இன்னும் ஒமாலோ இறக்கத்தில்
மூக்கைக் குத்தி நிற்கிறது.
நாய்தான் யார் கணக்கிலும் சேரவில்லை.

உட்கார் என்றால்
மலையைப் பார்க்கும்.
வா என்றால்
என்ன வேலையாக என்று யோசிக்கும்,
யோசித்தது போதுமென்று படுத்துக்கொள்ளும்.
அதட்டினேன்.
ஈயை உதறுவதுபோல் தலையை உதறிற்று.
ஓநாய் கவ்வி இழுக்க
ஒன்றும் இருக்கக் கூடாதென்று
குட்டியிலேயே காது நறுக்கிய தலை.

"கட்டிப்போடாதே, குணம் கெட்டுப்போகும்.
தின்னும்போது கண்ணைப் பார்க்காதே.
முதலில் அதற்கு, பிறகு உனக்கு."
வார்சாவிலிருந்து அவ்வளவுதான் சொன்னான்.
மிச்சம் என் விரல்களுக்குத் தெரிந்துவர
ஒரு கோடை ஆயிற்று.

பாலாடைக்கட்டி வடித்த நீரில் பார்லி மாவைக் காய்ச்சி
ஆறவைக்க வேண்டும்.
சூடாக வைத்தால் சட்டியைக் கவிழ்த்துவிட்டு
என்னை ஒரு பார்வை பார்க்கும்.
வெயிலென்று முடியை ஒட்ட வெட்டக் கூடாது.
சிக்கை மட்டும், ஆட்டுக் கத்தரியால்,
செவித்துளைக்குப் பின்னால்,
என் மூச்சை நான் பிடித்துக்கொண்டு.
உண்ணியைத் திருகாமல் நேராக இழுக்க வேண்டும்.
தொடையின் உள்பக்கம் அவை
ககேத்தித் திராட்சைபோல் பருத்துக் கிடக்கும்.
எழுபது கிலோவை நான் எப்படிப் புரட்ட?
அதுவாகப் புரளும்வரை காத்திருப்பேன்.
பெரும்பாலும் அது
மழைக்கு முந்தைய அரை மணி.

குட்டி ஆடுகள் அதன் முதுகில் ஏறிச் சறுக்கும்.
ஆடு ஈனும்போது பக்கத்தில் போய்
முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பி உட்காரும்,
மருத்துவச்சிக்குத் துணைவந்த
கணவனைப்போல.

ஆகஸ்டில் நடைப்பயணிகள் வந்தார்கள்.
"எவ்வளவு சாது" என்று ஒருவர் கை நீட்டினார்.
பாசாரா உறுமவில்லை.
எழுந்து, அவருக்கும் ஆடுகளுக்கும் நடுவில்
போய் நின்றது.
கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று.

செப்டம்பரில் ஓர் இரவு,
வயிற்று வலி.
பட்டியைத் தாண்டி ஓடைப் பக்கம் போனேன்.
பனிமூட்டத்தில் டார்ச் வெளிச்சம்
பால்போல் என் மேலேயே திரும்பி வழிந்தது.
சத்தமில்லாமல் வந்தது பாசாரா.
தோளால் என் தொடையில் ஓர் இடி.
நகர்ந்தேன். இன்னோர் இடி.
திட்டினேன், தம்பியையும் சேர்த்து.
மூன்றாவது இடியில் பட்டிக்குள்
புழுக்கைமேல் விழுந்தேன்.
வாசலைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு
அப்புறம்தான் குரைத்தது.
மலை இரண்டு முறை திருப்பிக் குரைத்தது.

எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை.
ஆடுகளுக்குத் தெரிந்தது.
ஒரே கழுத்தாக ஒடுங்கின,
நடுவில் நான்.
விடியும்வரை நின்றேன்.
ஒரு கிடா என் மேலங்கியின் விளிம்பை
நிதானமாக மென்றது.

இத்தனை மாதமாக
நான் சோறு போடுகிறவள் என்று நினைத்திருந்தேன்.

காலையில் அதன் முன்னங்காலில் ஒரு கிழிசல்.
ஊசி நூலோடு போனேன். விடவில்லை.
உப்புநீர் ஊற்ற மட்டும் சம்மதித்தது,
அதுவும் ஒரு குவளைதான்.
பிறகு நாள் முழுக்கத் தானே நக்கிக்கொண்டது.
பத்து நாளில் ஆறிற்று, கோணலாக.

அக்டோபரில் மந்தை கீழிறங்கும்போது
அபானோ கணவாயில் போன் அடித்தது.
"ஆடு எத்தனை?"
"முந்நூற்றுப் பதினொன்று."
"பாசாரா உன் பேச்சைக் கேட்கிறதா?"
வளைவில் சிக்னல் போயிற்று.
போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
மந்தைக்குக் கொஞ்சம் பின்தங்கினேன்.

தொடையில் ஓர் இடி.