விட்ட இடத்திலிருந்து

வலைப்பக்கத்தின் பொத்தான் அரை மணி நேரம் சுழன்றது.
பிறகு டேனிஷ் மொழியில் மன்னிப்புக் கேட்டது.
அவியாயா அதை மூடிவிட்டுக்
கறுப்புத் திரையைத் திறந்தாள்.

இங்கே பொத்தான் இல்லை, படம் இல்லை,
மன்னிப்பும் இல்லை.
ஒரே வரி.
கோப்பின் பெயர், போகவேண்டிய முகவரி,
நடுவில் எண்ணிப் போட்ட இடைவெளிகள்.
ஒரு புள்ளி பிசகினாலும்
எனோக்கின் மண்டை எங்கும் போகாது.

எனோக் அடுத்த அறையில் படுத்திருக்கிறார்.
சறுக்குவண்டி கவிழ்ந்து பாறையில் மோதியவர்.
நாய்களுக்கு யார் இரை போட்டது என்று
நாலு முறை கேட்டுவிட்டார்.
அந்த நாலுதான் அவளுக்குப் பயம்.

கிரீன்லாந்தின் இந்தக் கிழக்குக் கரையில்
ஸ்கேன் எடுக்க அவள் இருக்கிறாள்.
படித்துச் சொல்கிறவர் நூக்கில்.
இடையில் பனி,
பனிக்குப் பின்னும் பனி.

நானூற்றுப் பன்னிரண்டு மெகாபைட்.
சதவீதம் எறும்பாய் ஊர்ந்தது.
அறுபத்து மூன்றில்
பித்தெராக் இறங்கியது,
பனிமேட்டிலிருந்து உருண்டு வரும் காற்று.
கூரைமேல் ஆண்டெனா முனகியது.
வேகம்: சுழி.
மீதி நேரம்: வெறும் கோடுகள்.

ஒரு மணி நேரம் கழித்துக் காற்று மூச்சுவிட்டபோது
மேல் அம்பை அழுத்தினாள்.
பழைய வரி அப்படியே வந்து நின்றது.
அதில் சேர்த்தது இவ்வளவுதான்:
சிறு கோடு, பெரிய சி,
இடம் விட்டு இன்னொரு சிறு கோடு.

எங்கே நின்றோம் என்று
அது அவளைக் கேட்கவில்லை.
நூக்கையே கேட்டுக்கொண்டது.
விட்ட குறை எவ்வளவு, தொட்ட குறை எவ்வளவு
என்று பேசி முடித்து
அறுபத்து மூன்றிலிருந்து நடந்தது.

நூறு.
அதன்பின் ஒரு சொல் இல்லை.
பச்சை எழுத்தில் வாழ்த்து இல்லை.
குறி மட்டும் மினுங்கியது, அடுத்து என்ன என்பதுபோல.
மௌனம் சம்மதம் என்பது
மனிதர்கள் விஷயத்தில் பொய்.
இந்தத் திரையில் மெய்.

தொலைபேசியில் டாக்டர் நிவி:
"வந்துவிட்டது. கசிவு இல்லை.
மணிக்கொருமுறை எழுப்பிப் பார்."

எழுப்பினாள்.
"உங்கள் தலையை நூக்குக்கு அனுப்பினேன்,
நன்றாக இருக்கிறதாம்."

எனோக் கையை உயர்த்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.
"அப்படியானால் இது?"

"இதுதான் அசல். அங்கே போனது பிரதி."

"நல்லது," என்றார்.
"அசலுக்கு ஒரு காப்பி கொடு."

நாய்களைப் பற்றிக் கேட்கவில்லை.