மராமத்து

தாழையூத்திலிருந்து ஜங்ஷன் வரைக்கும்
பதினொரு வேகத்தடை.
எண்ணியது நானில்லை, என் மணிக்கட்டு.
ஒவ்வொன்றுக்கும் ஆவுடை
நகம் பதியப் பிடித்துக்கொள்வாள்.
சத்தம் வராது.
பஸ்ஸில் நாலு பேர் இருக்கிறார்களே.

மார்பில் வந்ததை வெட்டியெடுத்து
நாலு வருசம் ஆச்சு.
முடி திரும்ப வளர்ந்து
பூ வைக்கிற அளவுக்கு வந்தும் ஆச்சு.
இப்போது முதுகில்.
பாளையங்கோட்டையில் படத்தை வெளிச்சத்தில் மாட்டி
"இந்த எலும்பப் பாருங்க" என்றார் டாக்டர்.
முப்பது வருசம் கரண்டி பிடித்தவனுக்குக்
காட்டவா வேண்டும்?
மேலே கனம்.
உள்ளே கறையான் தின்ற உத்தரம்.

"பெருசா கிழிக்கப் போறதில்ல.
ஊசி வழியா உள்ள போயி
கட்டியச் சுட்டுட்டு
அந்த இடத்துல சிமெண்ட் நிரப்பிருவோம்."

என்ன சிமெண்ட் என்று கேட்டுவிட்டேன்.
நர்சுப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது.
எத்தனை நாள் தண்ணி ஊத்தணும் என்பதை
அப்படியே விழுங்கினேன்.

"குணமாயிருமா?"
அவள்தான் கேட்டாள்.
டாக்டர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
"வலி குறையும். நிமிந்து உக்காரலாம்.
நோய்க்கு வைத்தியம் தனியா ஓடணும்."
"அப்ப மராமத்துதான்."
"ஆமா அண்ணாச்சி, மராமத்துதான்."
ஒழுகுற வீட்டைப் புதுவீடு என்று சொல்லாத ஆள்.
கையெழுத்துப் போட்டேன்.

கவிழ்ந்து படுக்கச் சொன்னார்களாம்.
பாதி முழிப்பு, பாதி மயக்கம்.
"சுட்டது தெரியல கேட்டேளா.
மிச்ச சிமெண்ட டாக்டரு
விரல்ல உருட்டிக்கிட்டே நிக்காரு.
வெளிய இறுகிட்டுன்னா
உள்ளயும் இறுகிட்டுன்னு அர்த்தமாம்."

நானும் அப்படித்தான்,
சட்டி விளிம்பில் ஒட்டியதை
நகத்தால் கீறிப் பார்ப்பேன்.

பத்து நிமிஷமாம்.
ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதலாம்.
எத்தனை லோடு குழைத்திருப்பேன்
ஊரான் வீட்டுக்கெல்லாம்.
இந்த ஒரு கரண்டிக்குச்
சித்தாளாய்க்கூட நிற்க விடவில்லை,
வெளியே பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்கள்.

அந்த உருண்டையைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.
புளியங்கொட்டை அளவு. வெள்ளை.
கீறிப் பார்த்தேன்.
நகம்தான் தேய்ந்தது.

மறுநாள் மதியம் ஊர் திரும்பினோம்.
கடைசி வரிசையில்தான் இடம்.
ஜங்ஷனில் கூறு வெள்ளரிப்பிஞ்சு வாங்கச் சொன்னாள்,
விலை கேட்டுப் பேரமும் பேசினாள்
ஜன்னல் வழியாக, உடம்பைத் திருப்பி.

முதல் வேகத்தடைக்குக் கையை நீட்டி வைத்தேன்.
இரண்டாவதுக்கும்.
ஐந்தாவதோ ஆறாவதோ வரும்போது
மடியில் கிடந்த என் கையை நகர்த்திவிட்டுப்
பையைத் துழாவினாள்.
மணிக்கட்டில் பழைய நகத்தடம்
பொருக்கு விட்டிருந்தது.

திங்கக்கிழமையிலிருந்து கரண்ட் வைக்கணும், பத்து நாள்.
தினமும் இதே பஸ்.
அதற்கு அப்புறம் என்னவென்று
டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பதினோராவதில் வண்டி தூக்கிப் போட்டது.
ஆவுடை வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தாள்.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச்
சத்தம்.