நிக்கும்வே

மோட்டார் ரூம் சுவரில்
கரிக்கோடு பன்னிரண்டு.
"இருபத்தொரு நாள் நிக்கும்வே"
என்றிருந்தார் புளியங்குடி
மருந்துக்கடை உமையொருபாகம்.

நாலாவது கோடு கிழித்த அன்றே
மலையிறங்கி வந்துவிட்டது சாரல்.
கழுவிப் போயிருக்கும், நாலாயிரம் ரூபாய்.

லென்ஸும் கையுமாய் எலுமிச்சைக்குள் நுழைந்தேன்.
முழங்கையில் முள் கிழித்தது.
முற்றின இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பேன் இல்லை.
உரித்துப் போட்ட தோல்தான்,
பொடியுப்புப் போல.

கொழுந்தில் இருந்தது.
மிளகாய்த்தூள் சிந்தினாற்போல் ஐந்தாறு.
ஊதினேன்.
ஒன்று நடந்தது.

நான் டேங்கைத் தோளில் மாட்டிய காலையில்
இந்த இலை
பிறந்திருக்கவேயில்லை.

போன் போட்டேன்.
"மருந்து நிக்கலையாவே?"

"மருந்து நிக்குதுவே.
மரந்தான் நிக்கல."

கொஞ்சநேரம் சத்தமில்லை.
பிறகு
அரை லிட்டர் டப்பாவுக்கு
விலை சொன்னார்.