கடைசிப் பத்து நிமிடம்

ஐந்தாம் அரங்கில்
மூன்று வாரமாய் ஓடுகிறது அந்தப் படம்.
ஒரு நாளைக்கு நாலு காட்சி.
நாலிலும் கடைசிப் பத்து நிமிடம் என்னுடையது,
துடைப்பம், வாளி, மஞ்சள் கையுறையோடு
பின்கதவு ஓரம் நின்றபடி.

பேயின் குடல் சைக்கிள் ட்யூப்.
வால்வைக் கழற்ற மறந்துவிட்டார்கள்.
ரத்தம் ரோஸ் சிரப்.
அது வழியும் இடத்தில் ஓர் ஈ வந்து உட்காரும்.
அந்தப் படத்தில் இயல்பாய் நடித்தது
அது ஒன்றுதான்.

வீட்டுக்காரனின் தலை
மின்சாரச் சோற்றுப் பானைக்குள் இருக்கும்,
என் வீட்டில் உள்ள அதே பானை.
ஆரஞ்சு விளக்கு எரியும்.
தலை கண்ணைத் திறந்து
"சோறு வெந்துச்சா?" என்று கேட்கும்.
பிறகு ஒரு குசு, நீளமாய்.
பேயே மூக்கைப் பொத்திக்கொண்டு
ஜன்னல் வழியாய்ப் போய்விடும்.
விளக்கு.

முதல் சனிக்கிழமை எச் வரிசையில் ஒரு பையன்
நிஜமாகவே எடுத்துவிட்டான்.
நாசி லெமாக், கோலா, சோளப்பொரி.
திரையில் பேய் கக்கியது செண்டோல் பச்சை.
இது வேறு நிறம்.
படத்துக்கு நாற்றம் இல்லை,
அதனால் அது காமெடி.

மறுபக்கம் கூட்டுகிற ரூபெலுக்கு
டாக்கா தாண்டி எங்கோ ஊர்.
தமிழில் 'சாப்டியா', 'சம்பளம்' இரண்டே சொல்.
ஆனாலும் குசுவுக்குச் சரியாகச் சிரிப்பான்.
ஒருநாள் மலாயில் கேட்டான்:
"அக்கா, தலை ஏன் பானைக்குள் போச்சு?"

அறுபது தடவைக்கு மேல் பார்த்த முடிவு.
ஆரம்பம் ஒரு தடவைகூட இல்லை.
"பொண்டாட்டி சமையலைக் குறை சொன்னான்" என்றேன்.
தலையாட்டிவிட்டுக் கூட்டப் போனான்.
அவனுக்கு அது போதும்.

செவ்வாய், என் ஓய்வு நாள்.
செந்தூலில் ரயில் ஏறினேன்.
வேலைக்கு வரும் அதே வழி,
ஆனால் தீபாவளிக்கு எடுத்த பஞ்சாபி சூட்.
"ஆன்டி, ஸ்டாஃப் விலை போடறேன்" என்றான்
டிக்கெட் கொடுக்கும் யோகேஸ்.
பன்னிரண்டு வெள்ளி, முழுசாய் வைத்தேன்.
ஓசியில் போனால் எழுந்து துடைக்கச் சொல்வார்கள்.

நடு வரிசையில் உட்கார்ந்தேன்.
அந்த நாற்காலியின் அடியில் இருந்த பபிள்கம்மைப்
போன வாரம் சுரண்டியது நான்தான்.

ஒரு லோரி. ஒரு மெத்தை.
கல்யாணமான புதிதில் இரண்டு பேர்
பதினேழாவது மாடிக்குக் குடிவருகிறார்கள்.
லிஃப்ட் கெட்டுப்போயிருக்கிறது.
மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள், ஏறுகிறார்கள்,
தலைக்கு மேல் கருப்பு அணில் மாதிரி
மைக் ஒன்று கூடவே ஏறுகிறது.
எட்டாவது மாடியில் அவளுக்கு மூச்சு வாங்க,
படியிலேயே மெத்தையைச் சாய்த்து உட்காரவைத்து
அவன் காலைப் பிடித்துவிடுகிறான்.

இருந்ததே ஏழு பேர். ஒருவர் போன் பார்த்தார்.
எனக்குத்தான் ஒருமாதிரி இருந்தது.
அந்தத் தலையை
நான் கழுத்தோடு பார்த்ததில்லை.
யாரோ குளிக்கும்போது
கதவைத் திறந்துவிட்டது போல.

பொட்டி பிரிக்காத பானை, அவள் அம்மா வீட்டுச் சீர்.
அவன்தான் அரிசி கழுவினான்.
அவள் பொத்தானை அழுத்தினாள்.
கூடத்திலிருந்து அவன் கேட்டான்,
"சோறு வெந்துச்சா?"

சிரித்துவிட்டேன், சத்தமாய்.
மற்றவர்களுக்கு அதில் இன்னும் ஒன்றுமில்லை.
முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

அப்புறம் குளிர்சாதனம்,
நாலு மாத இரட்டை ஷிப்ட்,
சாய்ந்தால் உள்வாங்கும் நாற்காலி.

விழித்தபோது குசு.
பேய் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறது.
விளக்கு.

பின்கதவில் வாளியோடு ரூபெல்.
"ஏன் பானைக்குள், அக்கா?"

கைப்பையை எடுத்தேன்.
"குறையே சொல்லலை" என்றேன். "நல்லவன்."

அவன் வாளியைக் கீழே வைத்தான்.
"அப்ப ஏன்?"

"எஃப் வரிசையில கோலா கொட்டியிருக்கு," என்றேன்,
"வழுக்கும். பார்த்துப் போ."