கூண்டு வண்டி

ஒன்பதே குழிகள்.
இருபத்தொன்பது அடியில் முடித்துவிடலாம் என்கிறது
ஸ்கோர் கார்டு.
அதை அச்சடித்தவன் இங்கே ஆடியதில்லை.

பெயர் எக்ஸிகியூட்டிவ் மைதானம்.
ஆறு வருடத்தில்
ஒரு டையைக்கூட நான் பார்த்ததில்லை.
வருகிறவர்கள்
இரவு ஷிஃப்ட் முடிந்த நர்ஸுகள்,
கண்ணாடித் தொழிற்சாலையின் ஃபோர்க்லிஃப்ட்காரர்கள்,
பல்செட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பட்டர் பிடிக்கும் ஏர்லீன் ஓஸ்பர்ன்.
ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்து
பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போய்விடலாம்.

வடக்கே டொலீடோ. தெற்கே நெடுஞ்சாலை.
நடுவே, வலை கட்டிய பயிற்சித் திடலில்
பந்து பொறுக்கும் டிராக்டர் ஓட்டுகிறேன்.
என்னைச் சுற்றி இரும்புக் கூண்டு.
சிங்கத்துக்கு உள்ள மரியாதை எனக்கில்லை;
சிங்கத்தின் மேல் யாரும் பந்தடிக்கமாட்டார்கள்.

நான் இறங்கியதும்
இருபது பாய்களிலும் முதுகு நிமிரும்.
கிளப் மாறும்.
நூறு கெஜத்துக் கொடி, நூற்றைம்பது கெஜத்துக் கொடி
எல்லாம் மறந்துபோகும்.
ஊர் முழுக்க என்னைக் குறிபார்க்கும்.
ஃபாதர் நோவிட்ஸ்கிகூட.
ஃபாதர்தான் முதலில்.

டணங்.
அது ஒன்பதாம் நம்பர் அயர்ன், உச்சியில் விழுந்தது.
டங்.
அது டிரைவர், நேரே கதவில்.
சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன்.

லாவெல் போஹானனின் சத்தம் மட்டும்
எனக்குத் தெரியாது.
ஒருநாளும் பட்டதில்லை.

நகரப் பேருந்து ஓட்டுகிறவர்.
பதினொன்றாம் பாய். சிறிய வாளி, நாற்பது பந்து.
ஏழாம் நம்பர் அயர்ன் தவிர வேறு எதையும் தொடமாட்டார்.
பந்து வலதுபக்கம் வளைந்து வளைந்து
வாத்துகள் மேயும் மூலையில் போய் விழும்.
அவர் வாளியோடு வருவதைப் பார்த்ததுமே
அவை இடம் மாறிக்கொள்ளும்.
"மைதானத்தில் இறங்கி ஆடலாமே?" என்றால்
"தயாரானதும்" என்பார்.
நான்கு வருடமாகத் தயாராகிறார்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை,
புல்லில் உறைபனி விலகியதும் வந்து
பெரிய வாளி வாங்கினார்.
அவருடைய தடத்தை நிறுத்திவிட்டார்களாம்;
கல்லாவிலிருந்த டோரீன் சொன்னாள்.
இருபத்தாறு வருடம், ஒரே தடம்.

வழக்கமாகக் குறுக்கே போவேன், வேகமாக.
அன்று பதினொன்றாம் பாய்க்கு எதிரே
நூற்றிருபது கெஜத்தில்,
கொஞ்சம் வலதுபுறமாக,
அந்த வளைவுக்கும் இடம் விட்டு
கியரைக் குறைத்தேன்.
பிறகு, இன்ஜினில் ஏதோ கோளாறு போல
நின்றுவிட்டேன்.

ஒன்று. முன்னால் விழுந்தது.
ஏழு. தாண்டிப் போனது.
பத்தொன்பது. டயரை உரசியது; அது கணக்கில் வராது.
(எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குச் சம்பளம் மணிக்கணக்கில்தான்.)

இருபத்து மூன்றாவது
மேலே போய், கொஞ்சம் யோசித்து,
வளைந்து,
என் தலைக்கு நேரே

காலி உண்டியலில் விழும்
முதல் காசு மாதிரி.

அவர் கையைத் தூக்கவில்லை. சிரிக்கவில்லை.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு
வெகுநேரம் என்னையே பார்த்தார்.
ஓடிவருகிற ஆளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு
பார்க்காததுபோல்
வண்டியை நிறுத்திவைத்தவர் அல்லவா,
இருபத்தாறு வருடம்.
அவருக்குத் தெரியாதா?

மீதி வாளியைப் பத்தாம் பாய்ப் பையனிடம் தள்ளிவிட்டு
ஒன்பது குழிக்கும் பணம் கட்டினார்.
அழிப்பான் இல்லாத குட்டிப் பென்சிலைக்
காதில் செருகிக்கொண்டார்.

முதல் குழி, தொண்ணூற்றெட்டு கெஜம், பார் மூன்று.
ஒரு அடி வாய்க்காலுக்கு. அதற்கு ஒரு அபராதம்.
ஒரு அடி மணலுக்கு.
மணலிலேயே இன்னும் மூன்று.
பச்சையில் அதே ஏழாம் நம்பர் அயர்னால் இரண்டு தட்டு.
தூரத்திலிருந்தே தெரிந்தது,
பென்சில் இரண்டு சுழி சுழித்தது.
எட்டு.

பின்னால் காத்திருந்த இரண்டு பேரைக்
கைகாட்டி முன்னே அனுப்பிவிட்டு
நிதானமாக இரண்டாம் குழிக்கு நடந்தார்.

மாலையில் கூண்டைத் தடவிப் பார்த்தேன்.
நூற்றுக்கணக்கில் பள்ளங்கள்.
அவருடையது எதுவென்று தெரியவில்லை.

மறுநாள் ஃபாதருக்கு
வழக்கம்போல் வேகமாகவே ஓட்டினேன்.