ஆறு சென்ட்

ஜாஸ்பர் ஒரு தாளை என் மேசையில் விரித்தார்.
மகளின் கணக்கு நோட்டில் கிழித்தது,
ஓரத்தில் அவள் வரைந்த முயல்.
நடுவில் மூன்று மின்சாரக் கார்கள்.

சிவப்பு: எழுபது லட்சம், மூன்று புள்ளி ஐந்து நொடி.
வெள்ளை: ஒன்று முப்பது, இரண்டு புள்ளி ஒன்பது.
கறுப்பு: இரண்டு கோடியே பத்து, இரண்டு புள்ளி ஐந்து.

"நின்ன நில்ப்புலேருந்து நூறைத் தொடுற நேரமாக்கும், அக்கா."

கப்பலில் எஞ்சினியர்.
வருடத்தில் எட்டு மாதம்
சைக்கிள் வேகத்தில் கடலைக் கடப்பவர்.
சிவப்புக்குக் காசு இருக்கிறது, வெள்ளைக்கு அறுபது குறைகிறது,
சுங்கான்கடையில் சாலையோரம் ஆறு சென்ட்
சென்ட் பத்து லட்சத்துக்குப் போகும், எழுதுங்கள் என்றார்.

நான் பத்திரம் எழுதுகிறவள்.
இருபத்திரண்டு வருடமாக
எல்லாவற்றுக்கும் நான்கெல்லை தேடிப் பழகிய கை.
அன்றைக்கு அது தானாகவே கணக்குப் போட்டது:
ஆறு சென்ட், ஒரு நொடியில் பத்தில் ஆறு பங்கு.
ஆக, பத்தில் ஒரு பங்கு நொடிக்கு
ஒரு சென்ட் மண், தென்னை உட்பட.

வடக்கே தேசிய நெடுஞ்சாலை,
தெற்கே மரியபாக்கியம் வகை விளை,
கிழக்கே பொது நடைபாதை,
மேற்கே
மேற்கே என்ன என்று கேட்டேன்.
போனில் கார் ஓடும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் வந்தது. ஓட்ட இடம்தான் வரவில்லை.
மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பேருந்துக்குப் பின்னால்,
தக்கலையில் பலாப்பழ லாரிக்குப் பின்னால்,
இரண்டு மாதம் அது முப்பதில் போனது.
ஒருநாள் விடியுமுன் நாலு மணிக்கு வந்து ஹாரன் அடித்தார்.
பத்திரம் எழுதியவர் பார்க்க வேண்டாமா?

ஆரல்வாய்மொழி தாண்டி ஆளில்லாத நேர்ச்சாலை.
இரண்டு பக்கமும் காற்றாலைகள்,
இருட்டில் தலை தெரியவில்லை, சிவப்பு விளக்கு மட்டும்.
ஒரு இறக்கை கீழிருந்து கிளம்புவதைக் காட்டி
"இதப் பாத்துக்கிடுங்க" என்றார்.

சத்தமே இல்லை.
என் முதுகு இருக்கைக்குள் போனது.
கண்ணாடி மூக்கோடு ஒட்டியது.
வயிறு கிளம்பிய இடத்திலேயே நின்றுகொண்டு
நான் வரலே என்றது.
இறக்கை ஒரு சுற்று முடிக்கவில்லை,
நூறு.

நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.
இன்னொரு தடவை என்று நானே கேட்டேன்.

பிறகு தோவாளையில் பூ வண்டிகள் மறித்தன.
பிச்சிப்பூ மணத்தில் ஊர்ந்தபடி
கை மறுபடி கணக்கில் இறங்கியது:
நூறைத் தொட நாற்பது மீட்டர் ஓடியிருக்கிறோம்,
சாலை அகலம் மூன்றரை மீட்டர் என்றால்
ஏறக்குறைய மூன்றரை சென்ட்.
சிவப்புக் கார் இதே வேலைக்கு
நாலேகால் சென்ட் தின்றிருக்கும்.
"முக்கால் சென்ட் லாபம்" என்றேன்.
ஜாஸ்பர் சிரிக்கவில்லை.
லாபம் என்றே எடுத்துக்கொண்டார்.

"கறுப்புக்கு இன்னும் எண்பதுதான் வேணும், அக்கா.
நாலு பங்கு நொடி குறையும்.
வீடு நிக்கது எட்டு சென்ட்."

எட்டும் பத்தும் எண்பது.
பெருக்கல் சரியாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.
வீட்டுப் பத்திரமும் நான் எழுதியதே.
இரண்டு பேர் பெயரில் இருக்கிறது,
இரண்டு கையெழுத்து வேண்டும்.

"ஷெர்லினுக்குத் தெரியுமா?" என்றேன்.

தோவாளை போனது. வெள்ளமடம் போனது.
நாகர்கோவிலில் பால் வண்டிகள்.
சுங்கான்கடையில் விற்ற ஆறு சென்ட்,
கல் நட்டு, நீலச் சாயம் அடித்து,
வாங்கினவர் தென்னையை வெட்டிவிட்டிருந்தார்.
ஜாஸ்பர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
மேற்கே என்ன என்று இப்போதுதான் நான் பார்த்தேன்:
ஒரு பஞ்சர் கடை.

வில்லுக்குறியில் என்னை இறக்கிவிடும்போது
ஜன்னலைத் தாழ்த்திச் சொன்னார்,
"இல்ல."