இடப்பக்கக் கிழிசல்

சொஹாரில் இரவு எட்டு மணிக்கும்
முப்பத்தெட்டு டிகிரி.
கடலிலிருந்து வரும் ஈரம் மூக்குக்கண்ணாடியில் படிய
இலக்கு ஒன்று இரண்டாகிறது.

குழாய் முற்றத்தின் பின்னே,
நசுக்கிக் கட்டிய அட்டைப்பெட்டி மூட்டைகளுக்கு முன்னால்,
இரண்டு கம்பிகளுக்கு நடுவே
காகிதத்தை கிளிப் போட்டு விரிக்கிறேன்.
காகிதத்துக்குப் பஞ்சமில்லை.
நான் ஆவணப் பிரிவு.
திருத்தம் மூன்று வந்ததும்
திருத்தம் இரண்டின் தலையில்
‘ரத்து’ என்று சிவப்பு முத்திரை குத்துவது
எனக்குச் சம்பளம் தரும் வேலை.
இன்றைக்குக் கிழிபட வந்திருப்பது
பம்ப் அறையின் அடித்தளம்.

இரண்டு மீட்டர் தள்ளி நின்று எய்கிறேன்.
முனை போன வழி ஓட்டையாய்,
வால் போன வழி
இடப்பக்கம் நீண்ட கீறலாய்.
கூச்சப்பட்டவன் கல்யாண மண்டபத்துக்குள் நுழைவதுபோல
ஒருக்களித்துப் போயிருக்கிறது அம்பு.

கீறல் மேலே ஏறினால்
நாணில் பூட்டும் இடத்தை இறக்கவேண்டும்.
முதல் வாரமே இறக்கினேன், ஒரு நூல் சுற்றளவு.
மேல்கீழ் அடங்கியது.
இடப்பக்கம் அடங்கவில்லை.

இடம் என்றால்
தண்டு துவள்கிறது என்று பொருள்.
பக்கவாட்டுப் பொத்தானின் ஸ்பிரிங்கை இறுக்கினேன்.
வில்லின் கைகளைப் பிடித்திருக்கும் திருகாணியை
அரைச்சுற்றுத் தளர்த்தி
இழுவையில் இரண்டு பவுண்டு குறைத்தேன்.
முனைகளைக் கழற்றி இலேசானவை மாட்டினேன்.
இறகில்லாத அம்பு ஒன்றை
இருபது மீட்டரில் விட்டுப் பார்த்தேன்:
இறகுள்ளவை ஒன்றாய்க் குமிந்து கிடக்க
அது மட்டும் வலப்பக்கம், தனியே,
மெஸ்ஸில் முதல்நாள் சாப்பிடுபவன் மாதிரி.

இறகு எல்லாவற்றையும் மறைத்துவிடும்.
அதற்குத்தான் இறகு.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
நோகலாம்.
இந்தப் பன்னிரண்டும் ரஃபாத்துடையவை.
நிலஅளவைக்காரன், மன்சூராக்காரன்,
என்னைவிட ஒரு சாண் உயரம்.
விசா முடிந்து போன அன்று
வில், அம்பு, ஒரு இஸ்திரிப்பெட்டி
எல்லாம் சேர்த்து நாற்பது ரியால்.
நான் முழுக்க இழுத்த பிறகும்
நாலு விரற்கடை வெளியே துருத்தி நிற்கிறது அம்பு,
அடுத்தவன் சட்டையின் கைபோல.

வெட்டினால் விறைக்கும். தெரியும்.
வெட்டியதை ஒட்டமுடியாது, அதுவும் தெரியும்.
அவன் திரும்பி வந்தால்?
வருவதாகச் சொல்லித்தான் எல்லோரும் போகிறார்கள்.

எழுதிக் கேட்டேன்.
இரண்டு நாள் ஒற்றை டிக்.
மூன்றாம் நாள் குரல்பதிவு,
பின்னணியில் கார் ஹாரன்களும் யாரோ குழந்தையும்:
“வெட்டு, ஹபீபி.
எனக்கும் அவை நீளம்தான்.
எனக்கு முன்னால் ரோமெல் என்று ஒரு பிலிப்பைன்காரன் வைத்திருந்தான்,
அவனுக்கு யார் தந்தார்களோ.
மூன்று வருடம்
இடப்பக்கம் ஒரு கைப்பிடி தள்ளியே குறிவைத்தேன்.
பழகிவிட்டது.
நடுவில்தான் விழும்.”

பதிவை இரண்டு தடவை கேட்டேன்.
பிறகு குழாய் வெட்டும் டம்பரைத் தேடிப் போனேன்.

மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு
அவன் சக்கரத்தை ஓட்டினான்.
ஒன்றே ஒன்று. அரை அங்குலம்.
கறுப்பு மணி ஒன்று தரையில் உருண்டது.
முற்றத்துக்கு ஓடி, எய்து,
கீறலை விரலால் அளந்து,
திரும்ப ஓடி இன்னொரு அரை.
மூன்றாம் தடவை டம்பர்
என்ன செய்கிறாய் என்று கேட்பதையே விட்டுவிட்டான்.

பத்தரை மணிக்கு
காகிதம் சத்தமில்லாமல் திறந்தது:
ஒரே வட்டம்,
அதிலிருந்து மூன்று இறகுக்கு மூன்று சின்னக் கீறல்.
அவ்வளவுதான்.

இன்னும் பதினொன்று மிச்சம்.
நாளை வெள்ளி, டம்பருக்கு விடுமுறை.

வரைபடத்தைச் சுருட்டும்போது பார்த்தேன்,
ஓட்டை சரியாகத் தூண் சி-4இன் மையத்தில்.
அந்தத் தூணை அங்கே கட்டவே இல்லை.
திருத்தம் மூன்றில்
இடப்பக்கம் நகர்த்திவிட்டார்கள்.